நுவரெலியாவிலிருந்து மாசாய் மாராவுக்கு: ஒரு வேன்காரன் சொல்லும் வழி

லொட்ஜைத் தேடுவதற்கு முன்னால் சாரதியைத் தேடுங்கள். ஆப்பிரிக்காவில் சிங்கம், யானை பார்க்கப் போகிறோம் என்று வந்து கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நுவரெலியாவில் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லொட்ஜ் படுத்துத் தூங்குவதற்கு. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நீங்கள் இருக்கப்போவது ஒரு வண்டிக்குள், ஒரு மனிதருடைய கண்ணை நம்பி.

என் மச்சான் நைரோபிக்குப் பக்கத்தில் ஆத்தி ரிவர் என்ற இடத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் கூப்பிட்டுத்தான் நானும் மனைவியும் அம்மாவும் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் காசுக் கவலை. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று யோசித்து யோசித்துச் செய்த பயணம் என்பதால், நம் பக்கத்து ஆட்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கென்யா மட்டும். தன்சானியாவின் செரெங்கெட்டியும் கென்யாவின் மாசாய் மாராவும் (சுருக்கமாக மாரா) விலங்குகள் வாழும் ஒட்டிய காடுதான். நடுவில் இருக்கும் எல்லைக்கோடு மனிதருக்கு மட்டும்.

எந்த மாதம்

நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். இதில் ஏப்ரலை விட்டுவிடுங்கள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழை. மாராவின் மண் பெரும்பாலும் கறுப்புக் களி. நனைந்துவிட்டால் லேண்ட் குரூசருக்கே வழுக்கும். எனக்கும் ஏப்ரல் ஆகாது. நுவரெலியா சீசனை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆகஸ்ட் மாதம்தான் எல்லோரும் போவது. லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் என்ற, மாடு மாதிரித் தோன்றும் மான்கள், வரிக்குதிரைகளையும் கூட்டிக்கொண்டு, புல் தேடி செரெங்கெட்டியிலிருந்து வடக்கே ஏறி வரும். ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை அவற்றில் நிறைய மாராப் பக்கம் இருக்கும். மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே அவை குதித்துக் கடக்கிற படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது நடக்கிற நேரத்தை யாரும் சொல்ல முடியாது. கரைக்கு வந்து நிற்கும், தண்ணீரைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். ஆகஸ்டில் உறுதியாகக் கிடைப்பது கூட்டமும் விலையும்தான். 2024 முதல் மாராவுக்குள் போக வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். நாள் என்றால் 24 மணித்தியாலம் என்று எண்ணிவிடாதீர்கள், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான். போகும் முன் இன்றைய கட்டணத்தை இன்னொரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். கூடியிருக்கலாம்.

நான் தெரிவு செய்தது ஜூன். அந்த மாதம் நம் மலையில் விடாத மழை, ஹயர் கிடையாது, வேன் சும்மாதான் நிற்கும். அங்கேயோ மழை விட்டு வெயில் வந்திருக்கும், கட்டணமும் பாதி. ஒரு குறை உண்டு. மழைக்குப் பிறகு புல் உயரமாக நிற்கும். சிங்கம் அதற்குள் படுத்துவிட்டால் காது நுனி மட்டும்தான் வெளியே தெரியும். நல்ல சாரதி வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் நுவரெலியா 1,868. ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று கொழும்பிலிருந்து டீ-சேர்ட்டோடு போகிறவர்கள் காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நிற்பார்கள். நாம் அலுமாரியிலிருக்கும் ஸ்வெட்டரையும் மங்கி கெப்பையும் எடுத்துப் பெட்டியில் போட்டால் போதும். பத்து மணிக்கு மேல் வெயில் சுடும், அப்போது கழற்றிவிடலாம்.

புறப்படும் முன்

கென்யா 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டு ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதியைக் கொண்டுவந்தது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, இணையத்தில், முன்கூட்டியே எடுக்க வேண்டும். அரசாங்கத் தளம் மாதிரியே தோற்றம் காட்டி இரண்டு மடங்கு காசு பிடுங்கும் தளங்களும் இருக்கின்றன. முகவரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். விமானம் பெரும்பாலும் வளைகுடா நாடு எதிலாவது மாறித்தான் போகும். நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால்.

சொப்பிங் பேக் ஒன்றுகூடப் பெட்டியில் இருக்கக்கூடாது. 2017 ஓகஸ்டிலிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020 ஜூனிலிருந்து தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் போத்தல், கப், உறிஞ்சுகுழாய் எதுவும் கொண்டுபோக முடியாது. பட்டிப்பொல வாசலில் ஹோர்ட்டன் சமவெளிக்குள் விடும்போது பிஸ்கட் பக்கெட்டின் பொலித்தீனைக்கூடக் கழற்றி வாங்குவார்களே, அந்தக் கண்டிப்பு தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. துணிப்பையும் எவர்சில்வர் போத்தலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜருக்கு அடப்டர் தேவையில்லை. நம்முடைய மூன்று சதுரப் பின் பிளக்தான் அங்கேயும். கட்டாயம் வாங்க வேண்டியது பைனாகுலர், அதுவும் ஆளுக்கு ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் சிறுத்தை மரத்தைவிட்டு இறங்கிப் போயிருக்கும்.

வண்டியும் சாரதியும்

கென்ய சஃபாரிக்கு இரண்டு வகை வண்டி. ஒன்று டொயோட்டா ஹயேஸ் வேன், மேலே தூக்கிவிடும் கூரையோடு. நான் ஓட்டுவதும் ஹயேஸ்தான், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மாராவின் களிமண்ணுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மற்றது நீட்டி உடல் கட்டிய லேண்ட் குரூசர். நான்கு சக்கர இழுவை, உயரம், எல்லோருக்கும் ஜன்னல். காசு கூடுதலாகத்தான் போகும். ஆனால் வண்டி வாடகை வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. இரண்டு குடும்பம் சேர்ந்து ஆறு பேராகப் போனால் ஆளுக்கு விழுவது பாதியாகிவிடும். செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பது, கூடாரம் மாற்றுவது எல்லாம் சில்லறைக் கணக்கு.

இருக்கையில் ஒரு சங்கதி. பின் அச்சுக்கு மேலே இருக்கும் கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும். வயதானவர்களை, முதுகு வலிக்காரர்களை நடு வரிசையில், இரண்டு அச்சுக்கும் இடையில் உட்கார வையுங்கள். அம்மா முதல் நாளிலிருந்தே அங்கேதான். முழங்காலை நீட்ட முன்னால் இடம் இருக்கிறதா என்றும் பதிவு செய்யும்போதே படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சாரதியை எப்படித் தெரிவு செய்வது? கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளுக்கு அவர்களுடைய தொழில் சங்கம் பரீட்சை வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் கொடுக்கிறது. "உங்கள் சாரதிக்கு எந்தப் பதக்கம்?" என்று கம்பனியிடம் கேளுங்கள். வெண்கலமே நல்லது, வெள்ளி கிடைத்தால் விடாதீர்கள். பிறகு இன்னொன்று கேளுங்கள்: நைரோபியிலிருந்து கடைசி நாள் வரை ஒரே சாரதியா, நடுவில் மாறுவாரா? ஒரே ஆள் என்றால் இரண்டாம் நாளே உங்களுக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கம்பனி கென்ய சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் முற்பணம் அனுப்ப வேண்டும்.

எங்களுக்கு வந்தவர் அதிகம் பேசாதவர். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, எதையும் காட்டாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். மனைவி என்னைப் பார்ப்பாள், நான் அவரைப் பார்ப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பது ஒட்டகச்சிவிங்கிகளை. மூன்றும் இலை தின்பதை நிறுத்திவிட்டு ஒரே திசையில் தலையைத் திருப்பி நிற்கும். அந்தத் திசையில் மெதுவாக வண்டியை விட்டால் புல்லுக்குள் பெண் சிங்கம். கழுகுகள் ஒவ்வொன்றாக இறங்கும் இடம், கரையான் புற்றின் மேல் ஏறி அசையாமல் நிற்கும் டோப்பி மான், திடீரென்று கத்தும் பபூன் குரங்கு, இவற்றையெல்லாம் வைத்துத்தான் அவர் வண்டியைத் திருப்பினார். வானொலியில் மற்றவர் சொல்லும் இடத்துக்கு ஓடுகிறவர் ஒரு வகைச் சாரதி. நம் யால காட்டில் சிறுத்தை என்று ஒரு செய்தி வந்ததும் அத்தனை ஜீப்பும் புழுதி கிளப்பிப் பறப்பதைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. காத்திருக்கத் தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் பங்கு. "இன்னும் கிட்டப் போ, கிட்டப் போ" என்று அவரை நச்சரிக்காதீர்கள். பாதையைவிட்டு இறங்கினால் அபராதம் அவருக்கு. மாராவில் ஒரு சிங்கத்தையோ சிறுத்தையையோ சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது விதி. பின்னால் வரிசை நின்றால் பத்து நிமிடம் பார்த்துவிட்டு விலக வேண்டும். கடைசியில் அன்பளிப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து டாலர் என்பது அங்கே வழக்கம். சாரதி என்ற முறையில் சொல்கிறேன், அதை உறையில் போட்டு, கையில் கொடுத்து, பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போகாதீர்கள்.

எங்கே எங்கே

நைரோபி தேசியப் பூங்காவை நம் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. 1946-இல் திறந்தது, 117 சதுர கிலோமீட்டர், நகரத்தை ஒட்டியே இருக்கிறது. காண்டாமிருகம் புல் மேயும், அதற்குப் பின்னால் மாடிக் கட்டடங்கள் தெரியும். யானை மட்டும் கிடையாது. காசோ நாளோ குறைவு என்றால் இது ஒன்றை மட்டும் விடியற்காலையில் பார்த்தாலும் பழுதில்லை. அரசாங்கப் பூங்கா வாசல்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், முன்கூட்டியே இணையத்தில் கட்ட வேண்டும். சாரதியிடம் சொன்னால் செய்து தருவார்.

அம்போசெலி யானைக்காக. 392 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் கிளிமஞ்சாரோ மலையிலிருந்து நிலத்தடியாக வரும் தண்ணீர் அங்கே சதுப்பாக ஊறி நிற்கிறது. வறண்ட காலத்திலும் யானைகள் அதைத் தேடி வரும். 1972-இல் சிந்தியா மொஸ் என்ற பெண்மணி தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு யானைக் குடும்பத்தையும் பேரோடும் பரம்பரையோடும் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, அங்கே யானைகள் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பெண் யானை எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்று மேய்ந்தது. முன்னங்காலின் நகத்தால் புல்லின் அடியை எத்தி எத்தித் தளர்த்தும். தும்பிக்கையால் சுருட்டி இழுக்கும். வேரோடு வந்த மண்ணை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் வாய்க்குள் போடும். அதற்கு இரண்டு கொம்பு. அங்கே பெண் யானைக்கும் கொம்பு உண்டு. நம் நாட்டில் ஆண் யானைகளிலேயே கொம்பன் அரிது என்பதால் அம்மா அதை ஆண் யானை என்றே பேசிக்கொண்டிருந்தார், குட்டி வந்து பால் குடிக்கும் வரை.

கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். மலை இருப்பது தன்சானியாவில், முழு உருவம் நன்றாகத் தெரிவது அம்போசெலியிலிருந்து. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலை விளிம்புக்கு ஆட்களைக் கூட்டிப்போகும்போது ஒன்பது மணிக்குள் நிற்க வேண்டும் என்று விடியுமுன்னே எழுப்புவேன், தாமதித்தால் வெறும் மூடுபனிதான். இதுவும் அதே கணக்கு. சூரியன் எழும் நேரத்தில் பனி மூடிய உச்சி தெரியும், கொஞ்ச நேரத்தில் மேகம் ஏறிவிடும், மாலையில் சில நாள் திரும்பவும் திறக்கும். எனவே காலை ரவுண்டில் முதலில் மலை, பிறகு விலங்கு என்று சாரதியிடம் சொல்லிவையுங்கள். அம்போசெலியில் புழுதி அதிகம். கெமராவுக்கு ஒரு தலையணை உறை, மூக்குக்கு ஒரு துணி.

நக்குரு ஏரி கறுப்பு, வெள்ளை இரண்டு வகைக் காண்டாமிருகத்துக்கும் நல்ல இடம். ஏரியே இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் நிற்கும் பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் மட்டம் உயர்ந்தபின் அவற்றில் நிறைய வேறு ஏரிகளுக்குப் போய்விட்டன.

மாரா 1,510 சதுர கிலோமீட்டர். நைரோபியிலிருந்து நாரொக் வழியாக ஐந்தாறு மணித்தியால ஓட்டம். வழியில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து சாலை இறங்கும். அந்த இறக்கத்தில் லொறிகளைப் பார்த்தபோது என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. மாராவில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். ஒரு இரவு தங்கி அடுத்த பூங்காவுக்கு ஓடுகிற பயணத் திட்டங்களை விற்பார்கள், பேர்ப் பட்டியல் நீளமாக இருக்கும். வாங்காதீர்கள். முழுநாளும் தார் ரோட்டில்தான் போகும், விலங்குகளோ காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து ஆறு என்ற நேரத்தில்தான் நடமாடும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணித்தியாலம் வரை தூங்குகிற பிராணி. மதியத்தில் நீங்கள் பார்ப்பது நிழலில் கிடக்கும் வயிற்றைத்தான். சிவிங்கிப்புலி (சீட்டா) மட்டும் பகலில் வேட்டையாடும், அதற்காக மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உள்ளேயே இருந்து பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் நைரோபிக்குப் பக்கத்தில் லிமுறு. கென்யாவில் முதன்முதலாகத் தேயிலை நட்டது அங்கேதான், 1903-இல். சஃபாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு இதைக் காட்டாமல் வர முடியுமா? செடியை ஒதுக்கி அடியைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இதுக்குக் கவ்வாத்து எப்ப வெட்டுனாங்க?" என்று கேட்டார். அங்கே நின்றவர்களுக்கு நான் அதை மொழிபெயர்ப்பதற்குள் அவரே கையால் வெட்டிக் காட்டி, அவர்களும் கையாலேயே பதில் சொல்லி, பேச்சு முடிந்துவிட்டது.

உள்ளே இருக்கும்போது

வண்டியைவிட்டு இறங்கக்கூடாது. பூங்கா வாசல்களிலும் ஒரு சில இடங்களிலும்தான் டொய்லெட் உண்டு. அதற்கு நடுவில் அவசரம் என்றால் கூச்சப்படாமல் சாரதியிடம் சொல்லுங்கள், வெட்டவெளியாகப் பார்த்து, வண்டியே உங்களுக்கு மறைவாக இருக்கும்படி நிறுத்துவார். சர்க்கரை நோய்க்காரர்கள் இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். சத்தம் போட வேண்டாம், சாப்பாடு எறிய வேண்டாம், கதவில் தட்டிச் சிங்கத்தை எழுப்ப வேண்டாம். யானை காதை விரித்துத் தலையை ஆட்டினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சாரதியின் வேலையை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

மாசாய் கிராமத்துக்குக் கூட்டிப்போவார்கள். தலைக்கு இவ்வளவு என்று காசு கேட்பார்கள், உள்ளே போகுமுன் தொகையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்குமுன் கேட்டு எடுங்கள். தோட்டத்து லயத்துக்குள் வெள்ளைக்காரர் கேட்காமல் கெமராவை நீட்டும்போது நமக்கு எப்படி இருக்கிறது?

சாப்பாட்டுக்குத் தவிக்க மாட்டீர்கள். சப்பாத்தியும் அவரைக் கறியும் எங்கும் கிடைக்கும், சைவக்காரர்களுக்கு அதுவே போதும். உகாலி என்று சோள மாவைக் கிண்டிய களி, கூடவே சுகுமா விக்கி என்று ஒரு கீரை வதக்கல், உறைப்புத்தான் இல்லை. அதற்கு ஒரு போத்தல் கட்டசம்பல் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணி பாலோடு சேர்த்துக் கொதிக்க வைத்துத் தருவார்கள், சாயத்தண்ணி வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

ஊசியும் மாத்திரையும்

கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து திரும்பும்போது கட்டுநாயக்க விமான நிலையத்தில் நம்மவர்களே, ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். ஊசி கொழும்பு பொறளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்குங்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்னாவது போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து கொஞ்சம் கூட, ஆகையால் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

மலேரியாவுக்குப் பயணிகளுக்கு ஊசி இல்லை, மாத்திரைதான். மாராவிலும் அம்போசெலியிலும் நுளம்பு உண்டு. மலேரியா ஒழிப்பு இயக்கத்தில் பயணிகளுக்கு இலவசமாகவே தருகிறார்கள். புறப்படுவதற்கு முன்னே தொடங்கி, வந்த பிறகும் அவர்கள் சொல்லும் நாள் வரை விடாமல் போட வேண்டும். ஊருக்கு வந்தாயிற்று, இனி எதற்கு என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். 2016-இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. இங்கே நுவரெலியாக் குளிரில் காய்ச்சலோடு போய் நின்றால் யாருக்கும் சட்டென்று அந்த நினைப்பு வராது. ஆகவே திரும்பிய பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல், "ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.